ஆள்பிடி டீச்சரும் சும்மா தட்டும்

ஆள்பிடி டீச்சரின் கண்ணில் பட்டவர்கள் தப்பித்ததாகச் சரித்திரம் இல்லை. வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தபோது மாட்டினார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை எட்டிப் பார்த்த டீச்சர், "மழை வருமா வராதான்னு சொல்றது நீங்கதானா சார்?" என்று ஆரம்பித்தார். வலியில் வாய் திறக்க முடியாத மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு வழி சொல்லிவிட்டுத்தான் டீச்சர் பல்லைக் காட்டப் போனார்.

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் பெண், டீச்சரின் கையில் ஊசி ஏற்றிய கையோடு மாட்டினாள். "பை ரொம்புற வரைக்கும் நீங்களும் போக முடியாது, நானும் போக முடியாது. பேசலாமா?" என்றார் படுத்தபடியே. பாலம் கட்டுவதற்கு முன் பூமியைத் துளைத்து மண்ணைச் சோதிக்கும் ஒரு நிலவியல்காரர் பேருந்தில் மாட்டினார். பேச்சு முடியாததால் டீச்சர் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அவருடைய நிறுத்தத்தில் இறங்கி, அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்த் தேதி வாங்கிக்கொண்டு திரும்பினார். 'பிள்ளை பிடிக்கிறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கோம், இவங்க ஆள் பிடிக்கிறவங்க' என்று ஆசிரியர்கள் அறையில் யாரோ சொல்லப்போக, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இவ்வளவு பேரையும் எதற்குப் பிடித்தார்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். வகுப்பு முழுவதும் ஒரே கிழவரை வரைந்து கொடுத்தது. பறக்கிற வெள்ளை முடி, தடிக் கண்ணாடி, கையில் புகைகிற குடுவை. "இந்த மாதிரி ஒருத்தரை நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு, "எப்படி மிஸ் பாக்க முடியும்? அவங்க எல்லாரும் செத்துட்டாங்களே" என்றாள்.

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. தானும் அப்படித்தானே படித்தோம் என்று நினைத்துக்கொண்டார். இயற்பியலில் பட்டம் வாங்கும் வரை, காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஒரு விஞ்ஞானியை அவர் கண்ணால் கண்டதில்லை. புத்தகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் படமாகத்தான் இருந்தார்கள். பெயரும் பிறந்த வருடமும் இறந்த வருடமும் மனப்பாடம் செய்தாரே தவிர, அவர்களுக்கும் மேலதிகாரி உண்டா, தலைவலி வருமா என்று யோசித்ததே இல்லை.

முதலில் அழைத்து வந்தவர் ஒரு பேராசிரியர். அவர் சுவர் நிறையப் படம் போட்டு, பாதி வகுப்பைத் தூங்க வைத்து, கடைசியில் "நன்றாகப் படியுங்கள், என்னைப் போல் வரலாம்" என்று முடித்தார். அவரைப் போல் வர யாருக்கும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கே டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். வருகிறவர் வேலை செய்யும் இடத்திலிருந்து கையில் தொடக்கூடிய பொருள் ஒன்று கொண்டுவர வேண்டும். வேலையில் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடவே கூடாது. யாராவது 'நன்றாகப் படியுங்கள்' என்று வாயெடுத்தால் டீச்சருக்கு இருமல் வந்துவிடும், அவர்கள் பேச்சை மாற்றும் வரை நிற்காது. இன்னொன்றும் உண்டு: எதையாவது சோதித்துக் காட்டுவதாக இருந்தால், முடிவை வருகிறவர் முன்னாலேயே பார்த்துவிட்டு வரக்கூடாது. பிள்ளைகள் பார்க்கும்போதுதான் அவரும் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு தப்புக்காகவே பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக்குக் காத்துக் கிடந்தார்கள். மழை வராது என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையில்லாமல் கிளம்பித் தெப்பலாக நனைந்து ஆபீஸ் போன கதையை வானிலைக்காரர் சொன்னார். நிலவியல்காரர், பூமிக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணைப் பெட்டியில் தலைகீழாக அடுக்கிவைத்ததைச் சொன்னார். பாறை மேலேயும் சேறு கீழேயும் இருப்பதாக நம்பி, பாலம் கட்டுகிறவர்கள் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம். இப்படிப்பட்ட ஆட்கள் செய்கிற வேலையைத் தாங்களும் செய்துவிட முடியும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. டீச்சருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காக அவர் பஸ்ஸில் வெட்கமில்லாமல் அலைந்தார். எத்தனை பேர் இப்படி அலைவார்கள்?

அந்த வருடம் புதிய தலைமையாசிரியை வந்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து மேலே வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கறார். ஒரு நிமிடம் வீணாவதைப் பார்த்தால் அவருக்குப் புடவையில் கறை பட்ட மாதிரி இருக்கும். பெற்றோர் சங்கத் தலைவர் வேறு அவர் அறைக்கு வந்து புலம்பிவிட்டுப் போயிருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். மகள் கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கு வெள்ளிக்கிழமைக் கதைதான் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை நானும் தலைவரும் வந்து கடைசி பெஞ்சுல உக்காரப்போறோம்," என்றார் தலைமையாசிரியை. "பிரயோஜனம் இருக்குன்னு தோணிச்சுன்னா நடக்கட்டும். இல்லைன்னா அந்த பீரியட் கணக்குக்குப் போயிடும். வருத்தப்படக் கூடாது."

"சரிங்க மேடம்," என்றார் டீச்சர். அந்த வெள்ளிக்கிழமைக்கு அவர் பிடித்து வைத்திருந்தது சாதாரண ஆள் இல்லை, செயற்கைக்கோள் செய்கிற இடத்திலிருந்து வருகிற பெரிய மனிதர். அவர் வந்து நின்றாலே தலைமையாசிரியை எழுந்து நிற்பார் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மனிதரிடமிருந்து போன் வந்தது. அவசர வேலையாம், வெளியூர் போகிறாராம், இன்னொரு சமயம் பார்க்கலாமாம்.

டீச்சர் போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றார். பால் பொங்கி வழிந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, துணியால் அடுப்பைத் துடைத்தபடியே சொன்னார்:

"ஊரெல்லாம் வலை போடுற. மாடியில ஒருத்தி வெள்ளைக் கோட்டைத் துவைச்சுக் காயப்போட்டுக்கிட்டு இருக்கா. அவளைக் கேட்டியா?"

டீச்சருக்குச் சுரீரென்றது. மாடியில் இருந்தது அவருடைய தங்கை. குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் நுண்ணுயிர் பார்ப்பவள். ஊரின் குழாய்களிலிருந்து வருகிற தண்ணீரைத் தட்டில் விட்டு, அதில் என்ன முளைக்கிறது என்று பார்த்து, குடிக்கலாமா கூடாதா என்று சொல்வது அவள் வேலை. எத்தனையோ வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பாள். கேட்டால், "அக்கா பேசி மிச்சம் வச்சாத்தானே நான் பேசுறதுக்கு" என்பாள், அதையும் மெதுவாக.

டீச்சர் மாடிக்கு ஏறினார். தங்கை கோட்டின் கையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வெள்ளிக்கிழமை என் கிளாசுக்கு வர்றியாடி?"

தங்கை கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "பஸ்ல வந்தவங்க, பல்லு புடுங்க வந்தவங்க எல்லாரையும் கேட்டே. என்னை மட்டும் கேக்கவே இல்லியேக்கா."

"நீ வரமாட்டேன்னுதான்…"

"வரமாட்டேன்தான். ஆனா கேட்டிருக்கலாம்ல."

டீச்சர் கொடியில் தொங்கிய கோட்டின் இன்னொரு கையை இழுத்துச் சரிசெய்தார். தங்கைக்கே பாவமாகிவிட்டது.

"எனக்குப் பேச வராதுக்கா," என்றாள். "எங்க லேப்ல தட்டு திறந்திருந்தா யாரும் வாயே திறக்க மாட்டோம். மூச்சு விடக்கூட முகத்தைத் திருப்பிக்குவோம். எனக்கு அந்த வேலை ஒத்துப்போனதே அதனாலதான். நாப்பது பிள்ளைங்க முன்னாடி போய் நின்னு நான் என்ன செய்வேன்?"

"பேச வேண்டாம். கையால செஞ்சு காட்டு போதும். பேச்சை நான் பாத்துக்கறேன்."

தங்கை கோட்டில் இன்னொரு கிளிப்பை மாட்டினாள். பிறகு, செவ்வாய்க்கிழமை வந்து பள்ளிக்கூடத்துத் தண்ணீரைப் பிள்ளைகளை வைத்தே தட்டில் விடலாம், ஆய்வகத்தின் இன்குபேட்டரில் உடம்புச் சூட்டில் வைத்து முளைக்க விட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவந்து பார்க்கலாம் என்றாள். டீச்சர் உடனே தன் சட்டத்தை நீட்டினார்: தட்டுகளைத் தாளில் சுற்றி ஒட்டித்தான் கொடுப்போம், பிரித்துப் பார்க்காமல்தான் கொண்டுவர வேண்டும்.

"பாக்காமலா? ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பிள்ளைங்கதான் முதல்ல பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை தங்கை ஒரு பெட்டியோடு வந்தாள். மூடி போட்ட வட்டமான கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றிலும் அடியில் மஞ்சள் ஜெல்லி. அந்த ஜெல்லிதான் கிருமிகளுக்குச் சாப்பாடு. ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, தண்ணீரை உறிஞ்சும் குழாய்கள். மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு வணக்கம் சொன்னாள். அது இரண்டாவது பெஞ்சைத் தாண்டவில்லை. டீச்சர் ஓரத்தில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

ஆனால் விளக்கை ஏற்றியதும் பிள்ளைகள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். முற்றத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு தட்டுக்கு, தலைமையாசிரியை அறை வாசலில் இருக்கிற பில்டர் தண்ணீர் ஒரு தட்டுக்கு, ஒரு பையனின் பாட்டில் தண்ணீர் ஒரு தட்டுக்கு. கடைசியாக இன்னொரு தட்டை எடுத்து, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து தான் கொண்டுவந்திருந்த தண்ணீரை அதில் விடப்போனாள்.

வகுப்பில் வால் என்று அழைக்கப்பட்ட ஒரு பெண் இருந்தாள். கேள்வி கேட்டே ஆசிரியர்களை ஓடவைப்பவள். "அதுல ஒண்ணும் முளைக்காதுன்னா அது எதுக்கு மிஸ் சும்மா?" என்றாள்.

தங்கை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இத்தனை வருட வேலையில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும், வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றாது.

"அதுதாம்மா எல்லாத்துலயும் முக்கியம்," என்று ஆரம்பித்தாள். தட்டைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து பிள்ளைகளிடம் காட்டினாள். இதற்குப் பெயர் பிளாங்க் என்றாள். மற்ற தட்டுகள் தண்ணீரைச் சோதிக்கின்றன, இந்தத் தட்டு நம்மைச் சோதிக்கிறது என்றாள். நம் கை சுத்தமா, நம் உறிஞ்சு குழாய் சுத்தமா, நாம் ஒழுங்காக வேலை செய்தோமா என்று இது சொல்லும். ஒருமுறை ஒரு தெருவுக்கே தண்ணீரை நிறுத்தச் சொல்ல இருந்தார்கள், அப்போது இந்தச் சும்மா தட்டைப் பார்த்துத்தான் தப்பு தண்ணீரில் இல்லை, பாட்டிலில் என்று கண்டுபிடித்தோம் என்றாள். கண் பளபளத்தது. கை காற்றில் ஆடியது. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வந்தது, அதற்கும் சொன்னாள். ஊமைக்கோட்டான் வாயிலிருந்து இவ்வளவு பேச்சா என்று டீச்சர் வாயைப் பிளந்தார். மணி அடித்தபிறகும் பேசினாள். அப்புறம்தான் தண்ணீரை விட்டுத் தட்டை மூடினாள். பிள்ளைகள் எல்லாத் தட்டையும் தாளில் சுற்றி, பிசின் ஒட்டி, மேலே ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் தங்கை அந்தப் பிள்ளைகளைப் பற்றியே பேசினாள். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். டீச்சருக்கு அந்த ஒருநாள் வாய்ப்பேச்சே போதும் போலிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பாக்கி இருந்ததே.

வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை ஒரு பக்கமும் சங்கத் தலைவர் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். தலைவருக்குப் பெஞ்சு போதவில்லை. தங்கை பெட்டியைத் திறந்து, "முதல்ல பிளாங்க்…" என்று ஏதோ சொன்னாள். பெரியவர்களைப் பார்த்ததும் அவள் குரல் பழையபடி தொண்டைக்குள் போயிருந்தது.

"பில்டர் தண்ணியைப் பாருங்கம்மா முதல்ல," என்றார் தலைவர் பின்னாலிருந்து. "மேடம் ரூம் தண்ணி, நாங்களும் அதைத்தானே குடிக்கிறோம்."

வால் ஏற்கெனவே அந்தத் தட்டின் தாளைக் கிழித்துவிட்டாள். மஞ்சள் ஜெல்லியின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். பத்துப் பதினைந்து இருக்கும். வகுப்பு "அய்யய்யே" என்றது. தலைவர் எழுந்து முன்னால் வந்து பார்த்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார். தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. குழாய்த் தட்டிலும் புள்ளிகள், பையனின் பாட்டில் தட்டிலும் புள்ளிகள். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

டீச்சருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனி யார் இதைப் பிரயோஜனம் இல்லை என்று சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்துத் தண்ணீரே கெட்டிருக்கிறது, கண்டுபிடித்தது எட்டாம் வகுப்பு!

"மிஸ்," என்றாள் வால். பெட்டியில் யாரும் சீண்டாமல் கிடந்த கடைசித் தட்டை அவள் பிரித்திருந்தாள். "சும்மா தட்டுல ஏன் மிஸ் புள்ளி இருக்கு?"

தங்கை அதை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வகுப்பு பேச்சை நிறுத்தியது.

டீச்சரால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "அது ஏதோ ஒண்ணு ரெண்டு புள்ளிதானே, பரவாயில்ல, விடு," என்றார் அவசரமாக.

"இல்லக்கா." தங்கை தலையை ஆட்டினாள். "இதுல ஒரு புள்ளி இருந்தாலும் மத்த எதையும் நம்ப முடியாது." கறுப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு தட்டின் மூடியிலும் குறுக்காக ஒரு கோடு போட்டாள். பில்டர், குழாய், பாட்டில், எல்லாவற்றிலும். டீச்சருக்குத் தன் வெள்ளிக்கிழமைகளின்மேல் கோடு விழுவது போலவே இருந்தது.

"அப்போ இவ்வளவு நேரம் நாங்க பாத்தது?" என்றார் தலைவர்.

"செல்லாதுங்க சார்."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கும்மா! இதுக்குத்தான் ஒரு பீரியடா?" தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்காமல் கொண்டுவா என்று சட்டம் பேசியது தான்தானே. தங்கையை முன்னாலேயே தட்டுகளைப் பார்க்க விட்டிருந்தால் அவள் ஆபீஸிலேயே தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பாள்.

தங்கையோ அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க தப்பு நடந்துச்சுன்னு பாக்கணும்," என்றாள் பிள்ளைகளிடம். "செவ்வாய்க்கிழமை நான் என்னென்ன செஞ்சேன்? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

பிள்ளைகள் சொன்னார்கள். விளக்கை ஏற்றினீங்க. கையைக் கழுவினீங்க. உறிஞ்சுற குழாயைப் பிரிச்சீங்க. பில்டர் தண்ணியை விட்டு உடனே மூடுனீங்க. அவள் ஒவ்வொன்றுக்கும், அது சரி, அது சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள். அப்போது வால் கொஞ்சம் தயங்கினாள். தயங்குவது அவள் வழக்கமே இல்லை.

"மிஸ், இந்தத் தட்டை மட்டும் நீங்க திறந்து கையில வச்சுக்கிட்டே பேசுனீங்க. ரொம்ப நேரம். வாய்க்குக் கிட்ட."

தங்கை கையிலிருந்த தட்டை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"எங்க லேப்ல சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அது. தட்டு திறந்திருந்தா பேசாதே. பேசினா எச்சில் தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுல இருக்கிறது எல்லாம் முளைக்கும். இத்தனை வருஷத்துல நான் ஒருநாள்கூட அந்தத் தப்பு செஞ்சதில்லை. எனக்குத்தான் பேசவே வராதே!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களோட பேசிக்கிட்டு இருந்ததுல மறந்தே போயிட்டேன். மத்த தட்டைத் திறந்தப்பவும் இதே மேசையைச் சுத்தி நின்னு நீங்க எல்லாரும் பேசிக்கிட்டுதான் இருந்தீங்க. எதையும் நம்ப முடியாது. இதுதாம்மா நான் செஞ்ச தப்பு. கேப்பீங்கன்னு அக்கா சொன்னா. நான் வேற ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தேன், இனி அது வேண்டாம்."

பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் எங்கேயோ எப்போதோ செய்த தப்பைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் கண்ணெதிரில் செய்து, தாங்களே கண்டுபிடித்த தப்பு இதுதான் முதல்.

தலைமையாசிரியை எழுந்து முன்னால் வந்தார். சத்தம் அடங்கியது. கோடு போட்ட தட்டுகளில் தன் அறைத் தட்டை விரலால் தொட்டார்.

"அப்போ என் ரூம் தண்ணி நல்லதா, கெட்டதா?"

"தெரியாதுங்க மேடம்."

"தெரியாதா?"

"இன்னும் தெரியாது. திரும்பச் செய்யணும்."

தலைமையாசிரியைக்கு அரைகுறையாக நிற்கிற எதையும் பிடிக்காது. விடை வராத கணக்கைக் கரும்பலகையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் இல்லை அவர். தலைவர் ஏதோ சொல்ல வந்தார். தலைமையாசிரியை கையைக் காட்டி நிறுத்தினார்.

"செவ்வாய்க்கிழமை வந்துடுங்கம்மா," என்றார் தங்கையிடம். பிறகு டீச்சரைப் பார்த்து, "விடை தெரியாம எப்படி நிறுத்துறது? அடுத்த வெள்ளிக்கிழமையும் பீரியட் உங்களுக்குத்தான். அதுக்கப்புறம் வேற ஏதாவது தெரியாமப் போச்சுன்னா அதையும் பாருங்க," என்றார். தண்ணீர் சுத்தம் என்று அன்றைக்கே முடிவு வந்திருந்தால் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார். தெரியாது என்ற ஒரு வார்த்தைதான் வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கை வந்ததும் முதல் வேலையாக அக்காவின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். "நீ வெளியில நில்லு. உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது." வகுப்பு மொத்தமும் சிரித்தது. போவதற்கு முன், டீச்சரின் பாட்டில் தண்ணீரையும் சோதிப்போம் என்று வால் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

டீச்சர் தன் வகுப்புக்கு வெளியே ஜன்னலோரமாக நின்றார். உள்ளே நாற்பது பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. வால் உதட்டை இறுக்கிக்கொண்டு மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கிப் பிடித்தாள். தங்கை கண்ணால் காட்டினாள், தலையால் சொன்னாள், பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்தது. ஊர் முழுக்க அலைந்து பிடித்த ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் இப்படி ஒருத்தி தன் வீட்டு மாடியில் கோட்டைக் காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று நினைத்தபோது டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமை தாங்கவும் முடியவில்லை. அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியை ஏதோ கேட்க வாயெடுத்தார். டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். தலைமையாசிரியை வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

வெள்ளிக்கிழமை கடைசி பெஞ்சில் மறுபடியும் தலைமையாசிரியை. இந்த முறை சங்கத் தலைவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு, கூப்பிடாமலே வந்திருந்தார்.

"முதல்ல பில்டர் தண்ணியைக் காட்டுங்கம்மா," என்றார் தலைமையாசிரியை. அவராலும் பொறுக்க முடியவில்லை.

"அப்புறம் மேடம்," என்றாள் தங்கை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "முதல்ல பிளாங்க்."

வால் தாளைப் பிரித்தாள். தங்கை தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பினாள். மஞ்சள் ஜெல்லியில் ஒரு புள்ளி இல்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். ஒன்றுமே முளைக்காத ஒரு தட்டுக்கு ஒரு வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. தலைமையாசிரியை தட்டினார், தலைவர் எதற்கென்று தெரியாமலே தட்டினார், ஆள்பிடி டீச்சர் கை வலிக்கத் தட்டினார்.

அப்புறம்தான் மற்றவற்றைப் பிரித்தார்கள். பில்டர் தண்ணீர் சுத்தமாக இருந்தது. குழாய்த் தண்ணீரும் குடிக்கலாம். பள்ளிக்கூடத்திலேயே மோசமான தண்ணீர் டீச்சருடைய பாட்டிலில் இருந்தது.